மருந்துக்கு அடங்காத கிருமியைச் சுமப்பவர்கள்: யாருக்கு நீக்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை உடலில் சுமந்துகொண்டு, நோய்க்குறி எதுவும் இல்லாமல் ஊருக்குள் நடமாடுபவர்களைப் பரிசோதனை செய்து கண்டறிந்து, அவர்கள் அனைவருக்கும் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துக் கிருமியை அகற்றிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தங்கள் நாளிதழின் இதே பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலையில் குறை காண முடியாது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இத்தகைய கிருமிகளால் நேரடியாக உயிரிழந்தார்கள் என்பது 2022இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு. ஆனால் கவலை சரியாக இருப்பதனாலேயே சொல்லப்படும் வைத்தியமும் சரியாகிவிடாது. நான் மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மூக்கிலிருந்தும் மலத்திலிருந்தும் வளர்த்தெடுத்த கிருமிகளின் பெயரை எழுதிக் கையொப்பமிட்ட அறிக்கைகள் என் கையிலிருந்து எத்தனையோ ஆயிரம் போயிருக்கும். அந்த அனுபவத்தையும் இத்துறையில் நடந்த ஆய்வுகளையும் வைத்துச் சொல்கிறேன்: கிருமி நீக்கம் சிலருக்கு, சில வேளைகளில், மிகுந்த பயன் தரும், பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை, குடலில் கிருமி குடியேறியவர்களுக்கோ மாத்திரை கொடுப்பது அந்தக் கிருமிக்கே உரம் போடுவதாக முடியக்கூடும்.

கிருமி ஒருவர் உடலில் இருப்பது (குடியேற்றம்) வேறு, அது அவரை நோயாளியாக்குவது (தொற்று) வேறு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். மனிதர்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் எந்த நேரத்திலும் அதை மூக்கின் முன்பகுதியில் சுமந்துகொண்டிருக்கிறார்கள். சிலரிடம் அது ஆண்டுக்கணக்கில் தங்கும், சிலரிடம் வந்து வந்து போகும், சிலரை ஏனோ அண்டுவதே இல்லை. மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத அதன் வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று மருத்துவமனைகளில் எல்லோர் வாயிலும் அடிபடுவது. அம்மருந்து புழக்கத்துக்கு வந்து ஓரிரு ஆண்டுகளிலேயே, 1961இல், இங்கிலாந்தில் அது முதன்முதலாகப் பதிவானது. எதிர்ப்புத்திறன் பெற்றதனால் அதன் வாழ்முறை மாறிவிடவில்லை. அதுவும் மூக்கிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்துகிறது. தோல் கிழிந்தாலோ, இரத்த நாளத்தில் குழாய் செருகப்பட்டாலோ, அறுவை சிகிச்சை நடந்தாலோதான் அதற்கு உள்ளே போக வழி கிடைக்கிறது. அப்படிப் போகும்போது பெரும்பாலும் அவரவர் மூக்கில் இருந்த கிருமிதான் அவரவர் இரத்தத்துக்குள் போகிறது. ஜெர்மனியில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், இரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கலந்திருந்த 219 நோயாளிகளில் 180 பேரிடம், இரத்தத்தில் கண்ட கிருமியும் மூக்கில் கண்ட கிருமியும் ஒன்றாகவே இருந்தன. மூக்கைச் சுத்தப்படுத்தினால் நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இதுதான். அது வீண் எண்ணமும் அல்ல.

என் நினைவில் நிற்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லவேண்டும். இடுப்பெலும்பு அறுவை முடிந்து வீடு திரும்பிய மூதாட்டி ஒருவரின் மகள், மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. வளர்ந்திருப்பதாகக் கூறும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அம்மாவைத் தனி அறையில் படுக்கவைத்து, தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கி, பேரப்பிள்ளையைப் பக்கத்திலேயே விடாமல் இரண்டு மாதமாகக் காத்துவருவதாகச் சொன்னார். அதற்குள் மூன்று மருத்துவர்கள் ஒருவர்பின் ஒருவராக நான்கு வகை ஆன்டிபயாடிக் எழுதித் தந்திருந்தார்கள். மூதாட்டிக்குக் காய்ச்சல் இல்லை, புண்ணில் சீழ் இல்லை, எதுவுமே இல்லை. "இது எப்போது சார் போகும்?" என்று மகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் அதே மூதாட்டிக்கு மறு இடுப்பிலும் அறுவை செய்யவேண்டியிருந்தது என்பது பேச்சுவாக்கில் தெரிந்தபோது, செய்யவேண்டியது என்ன என்பதும் தெளிவாகிவிட்டது. விழுங்கிய மாத்திரைகள் அத்தனையும் வேண்டாதவை. அறுவைக்கு முந்தைய சில நாட்களுக்கு மூக்கில் தடவும் களிம்பும் உடம்புக்குக் கிருமிநாசினிக் குளியலும் வேண்டியவை. அவற்றை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் களிம்பு முபிரோசின் என்னும் ஆன்டிபயாடிக். குளியலுக்கு உரியது குளோர்ஹெக்சிடின். முதலாவது மூக்கில் நாளைக்கு இருவேளை ஐந்து நாட்கள், இரண்டாவது அதே நாட்களில் தலைமுதல் கால்வரை (கண்ணிலும் காதிலும் படாமல்) என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்தவுடன் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருப்பது விரைவுச் சோதனையில் தெரிந்தவர்களுக்கு இம்முறையைக் கையாண்டபோது, அக்கிருமியால் மருத்துவமனையில் நேர்ந்த தொற்று 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தது. அவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள். ஆபத்து எந்த நாளில் வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும் இடத்தில் கிருமி நீக்கம் நன்றாக வேலை செய்கிறது. கிருமி மறுமாதம் திரும்பி வந்தாலும் கவலையில்லை. கத்தி படும் நேரத்தில் அது இல்லாமல் இருந்தால் போதும்.

மருத்துவமனையை விட்டு வெளியேறி வீட்டில் வாழ்பவரின் நிலை இவ்வளவு எளிதல்ல. அவரைக் குறித்து நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சான்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்து 2019இல் முடிவுகள் வெளியான ஆய்வு. எம்.ஆர்.எஸ்.ஏ. சுமந்தபடி வீடு திரும்பிய 2,121 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தூய்மை குறித்த அறிவுரையை மட்டும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு அறிவுரையுடன் முபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் குளியலும் அதே மருந்து கலந்த வாய்க்கொப்பளிப்பு நீரும் தந்தார்கள். கவனிக்கவேண்டியது கால அளவு: மாதத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நாட்கள், தொடர்ந்து ஆறு மாதம். ஒரு முறை துடைத்துவிட்டால் கிருமி ஒழிந்துவிடும் என்று அந்த ஆய்வாளர்கள் கனவு காணவில்லை. அது திரும்பத் திரும்ப வரும் என்று தெரிந்தே திரும்பத் திரும்பத் துடைக்கத் திட்டமிட்டார்கள். ஓராண்டு முடிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று கண்டவர்கள் அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 9.2 விழுக்காடு, மருந்தும் பெற்ற பிரிவில் 6.3 விழுக்காடு. சொன்னதைச் சொன்னபடி முழுமையாகச் செய்தவர்களிடம் தொற்று 44 விழுக்காடு குறைந்திருந்தது. பக்கவிளைவுகள் சிலருக்கே வந்தன. வந்தவையும் பெரும்பாலும் தோல் எரிச்சல் போன்ற சிறியவை. ஏறத்தாழ 30 பேருக்கு இப்படிச் செய்தால் ஒருவரைத் தொற்றிலிருந்து காக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

முப்பதுக்கு ஒன்று என்பது மருத்துவத்தில் நல்ல கணக்குதான். அன்பர் இதைப் படித்திருந்தால் தம் வாதத்துக்குத் துணையாகவே எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த 2,121 பேரும் யார்? அண்மையில் மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள். பலருக்குச் சர்க்கரை நோயும் ஆறாத புண்ணும் வேறு நோய்களும் இருந்தன. ஓராண்டில் நூற்றில் ஒன்பது பேருக்குத் தொற்று வரக்கூடிய கூட்டம் அது. நோயின்றி வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு அந்த வாய்ப்பு, ஒரு பேச்சுக்கு, ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதே மருந்து அதே அளவுக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு, ஆபத்தைக் குறைத்தாலும், ஒருவரைக் காக்க மூவாயிரம் பேர் ஆறு மாதம் களிம்பு தடவிக் குளிக்கவேண்டியிருக்கும். மருந்தின் ஆற்றல் மாறவில்லை. அது யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பது மாறியதும் பயன் மறைந்துபோகிறது. மருத்துவமனைக்குள்ளேயே இது தெரிகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எல்லா நோயாளிகளுக்கும் இம்முறையைக் கையாண்டபோது, 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, இரத்தத் தொற்று 44 விழுக்காடு குறைந்தது. பொதுப் பிரிவு நோயாளிகளிடம் கையாண்டபோதோ மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை, உடலில் குழாய் பொருத்தப்பட்டவர்களிடம் மட்டுமே ஆறுதல் தரும் அறிகுறி இருந்தது.

பயன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. நியூசிலாந்தில் 1991 முதல் முபிரோசின் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைத்தது. சிராய்ப்புக்கும் கொப்புளத்துக்கும் எல்லோரும் தடவத் தொடங்கினார்கள். முபிரோசினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பெருகியது. 2000ஆம் ஆண்டில் அதைச் சீட்டுக்கு உட்பட்ட மருந்தாக மாற்றவேண்டியதாயிற்று. கதை அத்துடன் முடியவில்லை. அதன் இடத்தை ஃபியூசிடிக் அமிலக் களிம்பு பிடித்துக்கொண்டது, பின்னர் அதற்கும் எதிர்ப்புத்திறன் ஏறியது. முபிரோசினுக்கு மாற்றாகப் போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியை மூக்கில் பயன்படுத்தலாமா என்று 137 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது; ஸ்டெஃபைலோகாக்கஸைத் தடுப்பதில் அயோடின் முபிரோசினுக்கு ஈடாகவில்லை. ஆக, நம் கையில் இருக்கும் நல்ல களிம்பு ஒன்றே ஒன்று. அதை ஊருக்கெல்லாம் பூசி வீணாக்கிவிட்டால், நான் சொன்ன மூதாட்டியைப் போன்றவருக்கு அறுவைக்கு முன்னால் கொடுக்க என்ன மிஞ்சும்?

வீட்டில் வாழ்பவர்களில் இன்னொரு சாராருக்கும் கிருமி நீக்கம் உதவும் என்பதைச் சொல்லாமல் விட்டால் என் கடிதம் ஒருதலைப்பட்சமாகிவிடும். சில குடும்பங்களில் ஒருவருக்குக் கட்டி வந்து ஆறினால் அடுத்தவருக்கு வரும், அவருக்கு ஆறினால் மறுபடியும் முதலாமவருக்கு வரும். இப்படிக் கட்டி வந்த குழந்தைகளிடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், குழந்தைக்கு மட்டும் களிம்பும் குளியலும் தந்த வீடுகளையும், வீட்டார் அனைவருக்கும் தந்த வீடுகளையும் ஒப்பிட்டார்கள். குழந்தையின் உடலிலிருந்து கிருமி போனதில் இருசாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் ஓராண்டுக்குள் மறுபடி கட்டி வந்த குழந்தைகள் முதல் பிரிவில் 72 விழுக்காடு, வீட்டார் அனைவரும் சேர்ந்து செய்த பிரிவில் 52 விழுக்காடு. இந்த 52ஐயும் மறைக்காமல் பார்க்கவேண்டும்; எல்லோரும் செய்தும் பாதிப் பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது. துண்டு, சவரக் கத்தி, படுக்கை விரிப்பு ஆகியவற்றை ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் பயன்படுத்தாதிருப்பதும், நகத்தை ஒட்ட வெட்டுவதும், புண்ணை மூடி வைப்பதும் களிம்பைவிடக் குறைந்தவை அல்ல என்பது என் கருத்து. இவற்றை எழுதிக் கொடுக்கும் மருத்துவரை நோயாளிகள் அவ்வளவாக மதிப்பதில்லை என்பதும் உண்மை.

இதுவரை சொன்னது மூக்கையும் தோலையும் பற்றியது. அன்பர் தம் கடிதத்தில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா ஆகிய பாக்டீரியாக்களையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லியிருந்தார். அங்கேதான் எனக்கு உண்மையான அச்சம். இவை வாழும் இடம் குடல். மூக்கின் நுனியைப்போல் விரல் போய்த் தொடும் இடமல்ல அது. அதில் களிம்பு தடவ முடியாது. கொடுத்தால் விழுங்கும் மருந்துதான் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தும் பார்த்தார்கள். ஜெனீவாவில் 58 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இ.எஸ்.பி.எல். என்னும் நொதியைச் சுரந்து பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் பாக்டீரியாக்களைக் குடலில் சுமந்தவர்களுக்கு, இரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே நிற்கும் கோலிஸ்டின், நியோமைசின் ஆகிய மருந்துகளைப் பத்து நாட்கள் கொடுத்தார்கள். மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தவரை கிருமி அடங்கிக் கிடந்தது. நிறுத்திச் சில வாரங்களில், மருந்து உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் இடையே வேறுபாடு காண முடியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பது விளங்காத புதிர் அல்ல. குடலில் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிட்டுக்கொண்டு வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கில்லாதவை, பல நன்மையும் செய்பவை. அவை வெளியிடும் அமிலங்களும், கிடைக்கும் சத்தையெல்லாம் அவையே தின்று தீர்ப்பதும் புதிதாக வரும் கிருமி தலையெடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது முதலில் சாய்பவை இந்த நல்ல குடிகள்தாம். மருந்துக்கு அடங்காத கிருமி, பெயருக்கேற்றபடி, மருந்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. மற்றவை காலி செய்த இடமெல்லாம் அதற்குச் சொந்தமாகிறது. நெற்பயிரைக் கொன்றுவிட்டுக் களையை நிற்கவைப்பது போன்ற வேளாண்மை இது. போதாக்குறைக்கு, கோலிஸ்டின் என்பது வேறெந்த மருந்தும் கேட்காத தொற்றுகளுக்காக மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய, கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணுவைச் சீனாவில் கண்டறிந்ததாக 2015 இறுதியில் செய்தி வந்தபோது உலகமே திடுக்கிட்டது. அந்த மருந்தை நோயற்றவர்களின் குடலில் கொட்டிச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது. ஐரோப்பிய நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இத்தகைய குடல் கிருமிகளைச் சுமப்பவர்களுக்கு வழக்கமான கிருமி நீக்கத்தைப் பரிந்துரைக்கவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவற்றை எதிர்நோக்கி, நோய் எதிர்ப்பாற்றல் அடியோடு குன்றியிருப்பவர்கள் நிலை வேறு. அவர்களைப் பற்றி நிபுணர்கள் தனித்தனியே முடிவு செய்யட்டும்.

நலமுள்ள ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக் கூட்டத்தை மற்றொருவரின் குடலில் செலுத்தும் மல மாற்றுச் சிகிச்சையைப் பற்றியும் இப்போது அதிகம் பேசப்படுகிறது. கெட்டதைக் கொல்வதற்குப் பதிலாக நல்லதைக் குடியமர்த்துவது என்ற அதன் அடிப்படை எனக்குப் பிடித்தமானது. ஆயினும், ஐரோப்பாவில் 39 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஐந்து நாள் மருந்துக்குப் பின் இச்சிகிச்சை பெற்றவர்களில் 41 விழுக்காட்டினரிடம் கிருமி மறைந்தது. ஒன்றுமே செய்யாமல் விட்டவர்களில் 29 விழுக்காட்டினரிடமும் அது தானாக மறைந்தது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் இந்த வேறுபாட்டை வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டில் அமெரிக்காவில், சரியாகச் சோதிக்கப்படாத கொடையாளி ஒருவரின் மலத்தின் வழியாகவே இ.எஸ்.பி.எல். சுரக்கும் ஈ.கோலை இருவருக்குத் தொற்றி, அவர்களில் ஒருவர் இறந்தார். எதை அகற்றுவதற்கான வழியாகப் பேசப்பட்டதோ, அதையே அது கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த 29 விழுக்காட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அகற்றுவதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கிருமி தானே போய்விடுவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இத்தகைய குடல் கிருமிகளைச் சுமந்த நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒரு மாதம் கழித்து ஏறத்தாழ 77 விழுக்காட்டினரிடம் கிருமி இருந்தது. ஓராண்டு கழித்து 35 விழுக்காட்டினரிடம்தான் இருந்தது. நோயாளிகள் அல்லாதவர்களிடம் இன்னும் விரைவாகவே போகிறது. நெதர்லாந்திலிருந்து வெளிநாடு சென்று திரும்பிய 2,001 பயணிகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், புறப்படும்போது இ.எஸ்.பி.எல். கிருமி இல்லாதவர்களில் மூன்றில் ஒருவர் திரும்பும்போது அதைக் குடலில் கொண்டுவந்தார். அவர்களில் பாதிப் பேரிடம் அது ஒரு மாதத்துக்குள் மறைந்தது. ஓராண்டுக்குப் பின்னும் நீடித்தது 11 விழுக்காட்டினரிடம் மட்டுமே. பயணத்தின்போது ஆன்டிபயாடிக் உட்கொண்டவர்களுக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பு கூடியிருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எனவே இக்கிருமியைச் சுமப்பவருக்குச் செய்யக்கூடிய சிறந்த உதவி, வேண்டாத ஆன்டிபயாடிக் எதையும் அவர் வாயில் போடாதிருப்பது. வீட்டில் உள்ள மற்றொருவருக்கு அது பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு என்றும் அவர்கள் கணித்தார்கள். கழிவறைக்குப் போய்வந்த பின்னும் சமைப்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுவது ஏன் வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பாக்டீரியாவைக் கொண்டே பாக்டீரியாவை விரட்டுவது புதிய எண்ணமல்ல. 1960களில் அமெரிக்க மருத்துவமனைகளில், கொடிய ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையொன்று பிறந்த குழந்தைகளைத் தாக்கியபோது, 502ஏ என்ற சாதுவான வகையை வேண்டுமென்றே குழந்தைகளின் மூக்கிலும் தொப்புளிலும் தடவினார்கள். இடம் பிடித்துக்கொண்ட சாதுவான வகை, கொடிய வகையை அண்டவிடவில்லை. பிறகு, சாது என்று நம்பிய அந்த 502ஏயே ஒரு குழந்தையின் இரத்தத்தில் புகுந்து உயிரைப் பறித்ததாக 1972இல் பதிவானது. அம்முறை மெல்லக் கைவிடப்பட்டது. அண்மையில் தாய்லாந்தில் 115 பேரில் ஒரு பிரிவினருக்குப் பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகளை 30 நாட்கள் உட்கொள்ளக் கொடுத்துப் பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் அளவு மலத்தில் 96.8 விழுக்காடும் மூக்கில் 65.4 விழுக்காடும் குறைந்தது. ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாமல், மற்றக் குடல் பாக்டீரியாக்களைக் குலைக்காமல் இது நடந்தது என்பது எனக்கு வியப்பளிக்கிறது. இவ்வளவு காலம் நாங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம், கிருமியின் முக்கியக் கிடங்கு குடலாக இருக்கலாம் என்பதை எண்ணவில்லை. எனினும் அவர்கள் அளந்தது கிருமியின் எண்ணிக்கையை. நோய் குறைந்ததா என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும். கடையில் விற்கும் புரோபயாடிக் பொட்டலங்கள் எல்லாம் இதையே செய்யும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

தேடிப் பிடித்து அகற்றும் கொள்கையை நெதர்லாந்து கடைப்பிடிக்கவில்லையா என்று அன்பர் கேட்கக்கூடும். கடைப்பிடிக்கிறது, எம்.ஆர்.எஸ்.ஏ. அங்கே மிக அரிதாகவும் இருக்கிறது. அரிதாக இருப்பதால்தான் ஒவ்வொருவரையும், தேவையானால் அவர் வீட்டாரையும் தேடிச் சோதித்து, களிம்பு தந்து, தொண்டை போன்ற இடங்களில் இருந்தால் மாத்திரையும் சேர்த்துத் தந்து, திரும்பத் திரும்பச் சோதனை செய்து உறுதிப்படுத்த அவர்களால் முடிகிறது. பத்துப் பேரிடம் இருக்கும் கிருமியைத் துரத்தலாம். ஊரில் பரவலாக இருக்கும் கிருமியைத் துரத்தினால், இன்று சுத்தமானவர் நாளை பக்கத்தில் இருப்பவரிடமிருந்தே திரும்பப் பெற்றுக்கொள்வார். அந்த நாட்டிலேயே, பன்றிப் பண்ணைகளில் பரவிய எம்.ஆர்.எஸ்.ஏ. வகையொன்று 2000களின் நடுப்பகுதியில் தெரியவந்தபோது, பண்ணையில் வேலை செய்பவர்களுக்குக் களிம்பு கொடுத்துப் பயனில்லை என்று உணர்ந்தார்கள். மறுநாள் அவர்கள் அதே பண்ணைக்குத்தானே போகவேண்டும்? ஊற்று திறந்திருக்கும்வரை தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கலாம்.

பரிசோதனை செய்து பெயர்ப்பட்டியல் தயாரிப்பதைப் பற்றியும் ஒரு சொல். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மேலன், டைஃபாய்டு கிருமியைத் தம் உடலில் சுமந்தவர். நோய்க்குறி எதுவும் அவரிடம் இல்லை. 1907இல் அவரைப் பிடித்துத் தீவொன்றில் அடைத்தார்கள், 1910இல் விட்டார்கள், மறுபடி சமையலுக்குப் போனதால் 1915இல் திரும்பப் பிடித்தார்கள். 1938இல் அங்கேயே இறந்தார். அவரால் நோய் பரவியது உண்மை. ஆனால் அவரைப்போலவே கிருமி சுமந்த மற்றவர்கள் பலர் அப்படி அடைக்கப்படவில்லை என்பதும் உண்மை. ‘டைஃபாய்டு மேரி’ என்ற அவர் பட்டப்பெயர் இன்றும் ஆங்கிலத்தில் வசைச்சொல்லாக வழங்குகிறது. என்னிடம் வந்த மகள் தன் தாய்க்குத் தனித் தட்டு ஒதுக்கியதும் அந்த அச்சத்தின் சிறிய வடிவம்தான். குணப்படுத்தும் வழி கையில் இல்லாதபோது ஒருவரிடம் "உன் உடலில் ஆபத்தான கிருமி இருக்கிறது" என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு மருத்துவமாகத் தெரியவில்லை.

மருத்துவமனைகள் செய்யக்கூடியதும் செய்யத் தவறுவதுமான ஒன்று உண்டு. நோயாளி வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பில், எந்தக் கிருமி, உடலில் எந்த இடத்தில் கண்டது, அது தொற்றா அல்லது குடியேற்றம் மட்டுமா, அடுத்த அறுவைக்கோ டயாலிசிஸுக்கோ போகும்போது யாரிடம் இதைச் சொல்லவேண்டும், வீட்டில் எந்தக் கட்டுப்பாடும் தேவையில்லையா என்பவற்றை நான்கு வரியில் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் ஆய்வக அறிக்கைகளிலும் குறை இருந்தது. கிருமியின் பெயரை எழுதி, அதற்குக் கீழே எந்தெந்த மருந்து கேட்கும், கேட்காது என்று நீண்ட பட்டியலை அச்சிட்டு அனுப்பினோம். பட்டியலைப் பார்க்கும் மருத்துவருக்கு அதில் ஒன்றை எழுதாமல் இருக்கக் கை வராது. அந்த மூதாட்டியின் நிகழ்ச்சிக்குப் பிறகு, மூக்குப் பஞ்சுக் குச்சியிலும் மலத்திலும் சோதனைக்காக எடுத்த மாதிரிகளுக்கு மருந்துப் பட்டியலை அச்சிடுவதை நிறுத்திவிட்டு, "இது குடியேற்றம், தொற்று அல்ல, நோய்க்குறி இல்லாவிடில் ஆன்டிபயாடிக் தேவையில்லை" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். முதல் மாதம் பட்டியல் எங்கே என்று தொலைபேசியில் கோபித்துக்கொண்ட மருத்துவர்கள் சிலர். மூன்றாவது மாதத்தில் தொலைபேசி ஓய்ந்தது. அந்த வரி நான் பணி ஓய்வு பெறும்வரை அறிக்கையில் இருந்தது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர்